பதினேழு வயதுக் குரல்

மிளகை அவள் அப்பா அறைக்குள் தள்ளிப் பூட்டியது புதன்கிழமை காலையில். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. நடுவில் ஐந்து நாள். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த வீட்டில் அவளையும் என்னையும் தவிர வேறு யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. மற்றவர்கள் எல்லாரும் காதலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும். பத்தாவது படியில் நின்றால் மிளகின் அறை ஜன்னல் இடுப்பு உயரத்துக்கு வரும். சின்ன உருவம், கறுப்பு, வாயைத் திறந்தால் எரியும், அதனால் மிளகு. பெயர் வைத்தது அவள் அப்பாதான். ஆசையாக வைத்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லாருக்கும் லிஃப்ட்காரர். இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவி தொங்கும். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் கதவைத் திறந்து ஆட்களை வெளியே எடுத்துவிடுவார். அன்றைக்கு அதே வளையத்தில் புதுச் சாவி ஒன்று ஏறியிருந்தது. கதவுக்கு வெளியே கொண்டி அடித்து, நாலு திருகாணி போட்டு, பூட்டும் மாட்டியிருந்தார். அறைக்குள்ளேயே கழிவறை இருக்கிறது. அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டிருந்த காலை. குடையை மடக்காமலே வாசலில் நின்று கேட்டேன்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை பரீட்சை."

"தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? பரீட்சைக்குப் படிக்கறேன்னு சொல்லிட்டுத்தானே பஸ்ல அவன் பக்கத்துல உக்காந்து வந்திருக்கா? என் கூட வேலை பாக்கறவன் பாத்துட்டு வந்து சொல்றான். எட்டாவது மாடியில கயித்துல தொங்கிக்கிட்டு இருக்கேன், அங்க வந்து சொல்றான். கை நழுவியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"பஸ்ல பக்கத்துல உக்காந்தா என்னண்ணே?"

"டிகிரி, நீங்க மேல போங்க."

என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் நான் என்று வாடகை பேச வந்த அன்று என் அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் டிகிரி. கேலிதான். ஆனால் மகளும் ஒரு டிகிரி வாங்க வேண்டும் என்று அவருக்கே ஆசை இருந்தது. புதன்கிழமை வரைக்கும் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து வந்த பையன் மிளகோடு டியூஷன் படிப்பவன். அவன் அப்பா கழிவுநீர்த் தொட்டி உறிஞ்சுகிற லாரி ஓட்டுகிறார். அந்த லாரி எங்கள் தெருவுக்கு வரும்போது எல்லா வீட்டு ஜன்னலும் படபடவென்று சாத்திக்கொள்ளும். எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மா லாரி போன பிறகு வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றுவாள். ஆனால் தொட்டி நிரம்பினால் கூப்பிட எல்லார் போனிலும் அந்த மனுஷனின் நம்பர் இருக்கும். பெயர் இருக்காது. 'லாரி' என்று இருக்கும்.

லிஃப்ட்காரர் மகளின் போனைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. வேதியியல் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டார். அதில் பாதி அந்தப் பையனின் கையெழுத்து. ஹால் டிக்கெட் அந்த நோட்டுக்குள் இருந்தது, அதுவும் சேர்ந்து போய் அவருடைய இரும்பு பீரோவில் அடைந்தது. அவர் வேலைக்குப் போகிற நேரத்தில் காவலுக்கு அவர் தம்பி. அந்தத் தம்பிக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை. கூடத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு, போனில் யாரையோ சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்கு வேலை கிடைக்கவில்லை என்று கேட்டால் ஜாதகம் முதல் அரசாங்கம் வரை காரணம் சொல்லுவார். அண்ணன் மகளைக் காவல் காக்கிற வேலை வந்ததும் முகத்தில் ஒரு களை.

மிளகின் அம்மாவை நான் அக்கா என்பேன். நானும் அக்காவும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். அக்கா டப்பிங் பேசுகிறவர். நான் வசனத் தாள் எழுதுகிறவள். திரையில் வாய் திறக்கிற இடத்தில் திறக்கிற வார்த்தை, மூடுகிற இடத்தில் மூடுகிற வார்த்தை. உதட்டுக்கு வார்த்தை பொருத்துகிற வேலை. மூன்று வருஷம் வரலாறு படித்ததற்குக் கிடைத்தது இது.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. குரலுக்குப் பதினேழு. அந்தக் குரலுக்கு வயசாகவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. பணக்கார வீட்டுப் பெண், ஏழைப் பையன், பள்ளிக்கூடம், சைக்கிள், பூட்டிய அறை, ஓட்டம், சாவு. அந்தக் கதாநாயகிக்கு அக்காதான் குரல். இன்றைக்கும் அந்தப் படம் எங்கே போட்டாலும் அரங்கு நிறைகிறது. அதைத் திரும்பவும் பெரிய அளவில் வெளியிடப் போகிறார்கள். பிம்பம் பத்திரமாக இருந்தது, ஒலிநாடாவில் பூஞ்சை ஏறிவிட்டது. அதனால் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பேச வைத்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவர்களுக்கு மட்டும் வேறு ஆள்.

அதாவது, மகளைப் பூட்டிய அந்த வாரம் முழுக்க, அக்கா ஸ்டுடியோவில் அந்தப் பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வந்தது பூட்டிய அறைக் காட்சி. ஒலி அறைக்குள் மின்விசிறி கிடையாது. பருத்திச் சட்டைதான் போட வேண்டும், மற்றது சரசரக்கும். வயிறு இரைந்தால் மைக் எடுத்துவிடும் என்று அக்கா காலையிலேயே இரண்டு முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு வருவார். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். திரையில் அந்தப் பெண் கதவை இடித்து அழ, அக்கா தன் தொடையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். குரல் அப்போதுதான் குலுங்கும்.

"அப்பா! கதவத் தொறங்கப்பா! என்னக் கொன்னுடுங்க, ஆனா பூட்டி வைக்காதீங்கப்பா!"

ஒரே டேக். கண்ணில் ஒரு சொட்டு கிடையாது. நிஜமாக அழுதால் மூக்கு அடைத்துக்கொண்டு குரல் கெட்டுவிடும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாஸ்டர் கை தட்டினார். டப்பிங்கை நடத்துகிறவர், நல்ல மனுஷன், எதற்கும் உருகிவிடுவார்.

"அக்கா, மயிர்க்கூச்செறியுது. இருபத்திரண்டு வருஷம் ஆகியும் இது ஏன் ஓடுதுன்னு இப்பத் தெரியுதா, டிகிரி?"

"எல்லாருக்கும் வேற வேலை இல்ல, அதான் ஓடுது."

"உனக்குக் காதல்னாலே கசப்பு."

ஒலிப்பதிவுப் பையன் காதுக்கருவியைக் கழற்றினான். "எங்கம்மா இந்தப் படம் பாக்கும்போது நான் வயித்துல எட்டு மாசம் மாஸ்டர். இந்த சீன்ல உதைச்சேனாம்."

"பாத்தியா! வயித்துல இருக்கற புள்ளைக்குக்கூடப் புரியுது. ஒவ்வொருத்தனுக்கும் பதினேழு வயசுல யாரோ ஒருத்தர் எதையோ வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. அந்தக் கோபம் அப்படியே கிடக்கும். இங்க வந்து இருட்டுல உக்காந்து கொட்டிட்டுப் போவாங்க."

அக்கா வெந்நீர்க் குவளையோடு வெளியே வந்தார். "தடுத்தாத்தான் மாஸ்டர் படம். அந்த அப்பன் முதல்லயே 'சரி, பேசிக்கோங்க'ன்னு சொல்லியிருந்தா, அதுங்க ரெண்டும் மூணு மாசத்துல சண்டை போட்டுக்கிட்டு அதுஅது வேலையப் பாக்கப் போயிருக்கும். சாவும் இல்ல, பாட்டும் இல்ல."

மாஸ்டர் சிரித்தார். ஒலிப்பதிவுப் பையன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "அக்கா, இங்க இந்தக் கத்து கத்துறீங்க. வீட்டுல ஒரு வார்த்தை பேசலாமில்ல?"

"சாவி அவர் இடுப்புல."

"வாய் உங்ககிட்டதானே இருக்கு?"

"என் வாய் வாடகைக்கு விட்டது டிகிரி. அடுத்தவங்க எழுதிக் குடுத்தாத்தான் அதுக்குப் பேச வரும்." பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சொல்லாமயா இருப்பேன்? புதன்கிழமை ராத்திரியே சொன்னேன். நாம மட்டும் என்ன, எங்க வீட்டுல கேட்டுட்டா கட்டிக்கிட்டோம்னேன். நம்மளுது வேறன்னுட்டாரு."

நம்மளுது வேறு. அந்தக் கதை தெருவுக்கே தெரியும். அந்தப் படத்தைப் பதினான்கு தடவை பார்த்து, முகத்தை விட்டுவிட்டுக் குரலைக் காதலித்து, குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று விசாரித்து, ஸ்டுடியோ வாசலில் நாற்பது நாள் நின்றவர் லிஃப்ட்காரர். அக்காவின் வீட்டில் ஆட்கள் வைத்து அடித்தார்கள். புருவத்தில் தழும்பு இருக்கிறது. விருந்தாளி வந்தால் அதைக் காட்டிச் சொல்லுவார். கேட்கிறவர்கள் உருகுவார்கள். அந்தப் படம் மறுபடி வருகிறது என்று தெரிந்ததும் வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பத்து டிக்கெட் எடுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். அதே ஆள். அதே வாரம்.

சனிக்கிழமை மத்தியானம், காவல் தம்பி குறட்டை விட்ட நேரத்தில், பத்தாவது படியில் உட்கார்ந்தேன். மிளகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை வாரவில்லை. கண் வீங்கவில்லை. கோபமாக இருந்தாள்.

"டிகிரிக்கா, அந்த மரம் தெருமுனையில இன்னும் நிக்குதா?"

எட்டிப் பார்த்தேன். பையன் குடையோடு நின்றான். வியாழக்கிழமையிலிருந்து நிற்கிறான். தெருவே அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நிக்கறான்."

"லூசு. அவனுக்கும் செவ்வாய்க்கிழமை பரீட்சை. கரிம வேதியியல் ஒண்ணுமே தெரியாது அவனுக்கு."

"உனக்கு அவனைப் பிடிக்குமா, பிடிக்காதா?"

யோசித்தாள். "பிடிக்கும். நோட்ஸ் குடுத்தான். ஜோக்கு சொல்லுவான், சுமாரா. ஒரு தடவை பஸ்ல கையப் பிடிச்சான். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல தெரியலக்கா. தெரிஞ்சுக்கறதுக்குள்ள பூட்டிட்டாங்க. இப்ப நான் அவனுக்காக உயிரை விடணும், இல்ல அவன் வேண்டவே வேண்டாம்னு அப்பா கால்ல விழணும். நடுவுல ஒரு இடமே இல்லையா? பரீட்சை எழுதிட்டு வந்து யோசிக்கறேன்னு சொன்னா ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'நடிக்காத'ன்னாரு."

என் பழைய குறிப்புத் தாள்களில் அவளுக்கு ஆகிற மாதிரி எதுவும் இல்லை. டியூஷனில் போய் யாரிடமாவது நோட்டு வாங்கி வந்து கம்பி வழியாகத் தள்ளினேன். மாலையில் தம்பி கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் மாடியைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று லிஃப்ட்காரர் சொல்லி அனுப்பினார். குழந்தைகள் உதவி எண்ணைப் போனில் இரண்டு தடவை தட்டி இரண்டு தடவையும் அழித்தேன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்கா, இந்த அறையைக் கொடுத்தது அக்கா. காரணங்கள் நல்ல காரணங்கள்தான். கோழைத்தனத்துக்கு எப்போதும் நல்ல காரணங்கள் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். கூடத்தில் அண்ணனும் தம்பியும். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். மேஜையில் மிளகின் போன். பூட்டிய கதவு ஐந்தடி தூரத்தில்.

தம்பிதான் ஆரம்பித்தார். "அந்தப் பய நாலு நாளா நிக்கறான். நாம சொன்னா போக மாட்டான். அவளே சொன்னாப் போயிடுவான். அவ சொல்ல மாட்டா. சரி, அவ குரல்ல வேற ஆள் சொன்னா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"அண்ணே, இது அசிங்கம்."

"அசிங்கம்தான்," என்றார் லிஃப்ட்காரர். "தெருமுனையில அவன் நிக்கறது அதைவிட அசிங்கம். அவன் போகட்டும். போனான்னா செவ்வாய்க்கிழமை நானே அவளை வண்டியில கூட்டிட்டுப் போய்ப் பரீட்சை எழுத வைக்கறேன். என் மக மேல சத்தியம். அவ அம்மா பேசறாளாம். தாள் வேணுங்கறா."

அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "எழுதிக் குடு டிகிரி. தாள் இல்லாம எனக்கு வராது. பரீட்சையாவது எழுதட்டும்."

எழுதினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுதிக் கொடுத்தது நான்தான்.

முதலில் இப்படி எழுதினேன்: 'நான்தான். செவ்வாய்க்கிழமை பரீட்சை. எனக்குப் போன் பண்ணாத. தெருவுல வந்து நிக்காத. நீயும் போய்ப் படி.'

லிஃப்ட்காரர் வாங்கிப் படித்தார். "என்னம்மா இது, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

"ஃபீலிங்கே இல்லண்ணே," என்றார் தம்பி. "நம்ப மாட்டான்."

"மனசுல தைக்கணும். எழுதுங்க, நான் சொல்றேன்." எழுந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். இடுப்பில் சாவி குலுங்கியது. "'என்ன மறந்துடு.' போட்டாச்சா? 'நாம இந்த ஜென்மத்துல சேர முடியாது.' அப்புறம்... 'நான் ஒருத்தி இருந்தேங்கறதையே மறந்துட்டு, எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.'"

"அண்ணே, இது வேண்டாம். என்னுதே இருக்கட்டும்."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை. ஐந்தடி தூரத்தில் மகளைப் பூட்டி வைத்துவிட்டு, அவள் சொல்லாத வசனத்துக்கு அழுதுகொண்டு நின்றார் அந்த மனுஷன்.

எனக்காவது உறைத்திருக்க வேண்டும். 'மறந்துடு' என்று ஒரு பெண் விசும்பினால் அடுத்த காட்சியில் என்ன வரும் என்று நானே எத்தனை தாள் எழுதியிருக்கிறேன்! உறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் மண்டையில் இருந்தது.

அக்கா தாளை இரண்டு தடவை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். தம்பி எண்ணைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நான்தான்." மிளகு. அப்படியே மிளகு. "பேசாத, கேளு. என்ன மறந்துடு..."

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் காலடி ஓடி வந்து நின்றது. "அம்மா?" என்று ஒரு சத்தம். தம்பி சட்டென்று தொலைக்காட்சியைப் போட்டார்.

அக்கா நிறுத்தவில்லை. டேக் நடுவில் நிறுத்திப் பழக்கமில்லை அவருக்கு. ஜென்மம் வந்தது, எங்கிருந்தாலும் வந்தது. கடைசியில், தாளில் இல்லாத ஒன்று, ஒரு மூச்சு. உள்ளே இழுத்து, பாதியில் உடைந்து, வெளியே வராமல் நின்றுபோகிற மூச்சு. வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்த மாதிரி வரிக்குப் பின்னால் அது தானாக வந்துவிடும்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம். பிறகு பையன் சொன்னான்: "சரி. புரிஞ்சுது."

வைத்துவிட்டான்.

"முடிஞ்சுது கதை!" தம்பி தொடையில் தட்டினார். ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். குடை தெருமுனையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் அக்காவின் தோளைத் தொட்டு, "இன்னும் அதே குரல்," என்றார். அக்கா நகர்ந்துகொண்டார்.

"அண்ணே, பூட்டு," என்றேன்.

"நாளைக்கு ஒரு நாள் பாத்துக்கலாம். அவசரப்படாதீங்க."

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு ஒரு வாடகைக் கார் தெருவுக்குள் வந்தது. பையன் இறங்கினான். சலவைச் சட்டை, பளபளவென்று ஷூ, தோளில் துணிப்பை. கூட இரண்டு நண்பர்கள். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"மிளகு! நீ அழாத! நான் வந்துட்டேன்!"

அவனுக்குப் புரிந்தது அதுதான். 'மறந்துடு' என்றால் வா. 'நல்லா இரு' என்றால் சீக்கிரம் வா. அந்த மூச்சுக்கு, கார் எடுத்துக்கொண்டு வா. பிறந்ததிலிருந்து பார்த்த அத்தனை படத்திலும் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனைத் திட்டுவதா, சொல்லிக் கொடுத்தவர்களைத் திட்டுவதா? சொல்லிக் கொடுத்ததில் பாதி அக்காவின் குரல், கொஞ்சம் என் கையெழுத்து.

பால்கனிகள் நிறைந்தன. போன்கள் உயர்ந்தன. லிஃப்ட்காரர் விடுப்பில் இருந்தார். அவரும் தம்பியும் வெளியே பாய்ந்தார்கள். தம்பி குடையால் அடித்தார். மூன்றாவது அடியில் குடைக் காம்பு முறிந்தது. நண்பர்கள் இரண்டு பேரும் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். பையன் கேட்டை விடவில்லை. உதடு கிழிந்து சலவைச் சட்டையில் ரத்தம்.

"இதோட முடிஞ்சுது!" லிஃப்ட்காரர் கத்துவது கேட்டது. "பரீட்சையும் வேண்டாம், மயிரும் வேண்டாம்! இன்னைக்கே இவளை என் தங்கச்சி ஊருல கொண்டு போய்த் தள்ளறேன்!"

கூடத்தில் நானும் அக்காவும் நின்றிருந்தோம். அக்கா நேராகப் போய் லிஃப்ட்காரரின் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

"பெரிய ஸ்க்ரூடிரைவர் எது டிகிரி?"

நாலு திருகாணி. எல்லாம் புதுசு. முதலாவது சுலபமாக வந்தது, இரண்டாவது தலை வழுக்கியது. அக்கா அழுத்திப் பிடிக்க நான் திருகினேன். கொண்டி பூட்டோடு கழன்று தரையில் விழுந்தது. நாலு நிமிஷ வேலை. ஐந்து நாளில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். சாவியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், இரண்டு மக்குகள்.

மிளகு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறுங்காலோடு வாசலுக்குப் போனாள். பால்கனிகளிலிருந்து 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. இடைவேளைக்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம்.

"யாரு உன்ன வரச் சொன்னா?" என்றாள்.

பையன் ரத்த வாயோடு சிரித்தான். "நீதான். நேத்து."

"நான் உன்கிட்ட பேசவே இல்ல."

"தெரியும், தெரியும். மிரட்டி வச்சிருக்காங்க. நீ பயப்படாத."

"யாரும் மிரட்டல. நான் சொல்றேன், கேளு. போன்ல பேசினது எங்கம்மா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ அழுதியே!"

"நான் எப்படா உன்கிட்ட அழுதேன்? ஒரு தடவையாவது அழுதிருக்கேனா?"

மேலேயிருந்து இஸ்திரிக்காரம்மா, அந்த மருந்துத் தண்ணீர்க்காரி, மூக்கைச் சிந்தினாள். "ஐயோ பாவம், அடிச்சு இப்படிப் பேச வச்சிருக்காங்களே! நீ போம்மா அவன் கூட! நாங்க இருக்கோம்!"

"கார் ரெடியா இருக்கு, போ!" இன்னொரு பால்கனி.

"கட்டிப் பிடிடா முதல்ல!" யாரோ ஒரு தடியன்.

"ஏங்க, அவ என்ன சொல்றான்னு கேளுங்க!" என்று கத்தினேன். தொண்டை கிழிய இரண்டு தடவை கத்தினேன். ஒருத்தர் திரும்பவில்லை. மிளகு சுற்றிலும் பார்த்தாள். அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பயம் அப்போதுதான் வந்தது. பூட்டியிருந்தபோது கதவைத் தட்டியாவது பார்க்கலாம். இங்கே அவள் சொந்த வாயால் சொல்லுகிற எதுவும் யாருக்கும் கேட்கப் போவதில்லை. ஆமாம் என்றால் காதல். இல்லை என்றாலும் காதல்.

அக்கா படியிறங்கி வந்தார். லிஃப்ட்காரர் கையை நீட்டித் தடுத்தார். "உள்ள போ." கையைத் தள்ளிவிட்டு நடுத்தெருவில் பையனுக்கு எதிரே போய் நின்றார். நாற்பத்தைந்து வயது, நரைத்த முன்தலை, வீட்டுச் செருப்பு. தாள் இல்லை.

"நான்தான். பேசாத, கேளு."

மிளகின் குரல்.

"என்ன மறந்துடு. நாம இந்த ஜென்மத்துல சேர முடியாது."

தெரு அடங்கிப் போனது. பையன் அக்காவின் வாயைப் பார்த்தான், மிளகின் மூடிய வாயைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். அக்கா ஒரு வரி விடாமல் சொன்னார். அந்த மூச்சையும் இழுத்து, பாதியில் உடைத்தார். அதே மூச்சு. பிறகு சொந்தக் குரலில், கரகரவென்று, "என் பொண்ணு ஒண்ணும் சொல்லல தம்பி. இவங்க சொன்னாங்க, நான் பேசினேன். தப்பு என்னுது. நீ வீட்டுக்குப் போ," என்றார்.

பையன் கேட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "அது நீங்களா, ஆன்ட்டி?"

"நான்தான்."

லிஃப்ட்காரர் முகம் செத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில், இஸ்திரிக்காரம்மாவுக்குப் பக்கத்து பால்கனியில் ஒருத்தன் கூவினான்: "ஏய், இது அந்தப் படத்துக் குரல்டா! அதே குரல்!"

கை தட்டினார்கள்.

நான் இன்றைக்கு வரைக்கும் அந்தக் கைதட்டலை மன்னிக்கவில்லை. ஒரு பால்கனியில் ஆரம்பித்துத் தெரு முழுக்கத் தட்டினார்கள். விசில் அடித்தார்கள். "அக்கா, கடைசி சீன்! தண்டவாளத்துல ஓடுற சீன், ஒரே ஒரு தடவை!" போன்கள் எல்லாம் அக்கா பக்கம் திரும்பின. அடிபட்ட பையனை யாரும் பார்க்கவில்லை. மிளகை யாரும் பார்க்கவில்லை.

மிளகு அப்பாவின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"ஹால் டிக்கெட்."

அவர் பால்கனிகளைப் பார்த்தார்.

"அப்பா. ஹால் டிக்கெட், நோட்டு. ரெண்டும்."

"மிளகு, உள்ள போய்ப் பேசிக்கலாம்..."

"இங்கயே குடுங்க."

அத்தனை போன்கள் உயர்ந்து நிற்கிற தெருவில் அவரால் மகளை அடிக்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. மனசு மாறியெல்லாம் இல்லை. எனக்குத் தெரியும், யாரும் ஏமாற வேண்டாம். உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கொண்டு வந்து கொடுத்தார். தம்பி முறிந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மிளகு தாளைப் பிரித்து எண்ணைச் சரிபார்த்தாள். போகிற வழியில் பையன் அருகே நின்றாள்.

"எந்திரி. உனக்கும் நாளைக்குத்தான். போய் வாயக் கழுவிட்டுப் படி."

"அப்ப... நாம?"

"தெரியல. நாளைக்கு அப்புறம் கேளு. கேட்டாச் சொல்றேன். சொன்னா நம்பு."

அவன் தலையாட்டினான். நண்பர்கள் இப்போதுதான் காருக்குப் பின்னாலிருந்து வந்து அவனைத் தூக்கினார்கள்.

"என்னம்மா, அவ்வளவுதானா?" மேலேயிருந்து இஸ்திரிக்காரம்மா. நிஜமான ஏமாற்றம் அந்தக் குரலில். "கடைசியில பரீட்சைதானா?"

"ஆமா. பரீட்சைதான்," என்றாள் மிளகு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கூடத்து மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பீரோ ஈரத்தில் பக்கங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தேர்வுக்கு இருபத்தோரு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஐந்து நாளைத் திணிக்க வேண்டும்.

"டிகிரிக்கா, இந்தச் சமன்பாடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் படிச்சது வரலாறு."

"அப்ப வாசல்ல போய் அவங்களைப் போகச் சொல்லுங்க. அம்மாவை விடச் சொல்லுங்க. சத்தம் மண்டையப் பொளக்குது."

போனேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அத்தனையும் கெட்ட வார்த்தை. ஒன்றைக்கூடத் திரும்பப் பெறுவதாக இல்லை.